பித்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட் தானாகக் கரைந்துவிடுமா?

கேள்வி: மன்னவனூரிலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 54 வயது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்தார்கள். நான்காம் நாள் வயிறு உப்பி, வலி தாங்காமல் மறுபடியும் கூட்டிப்போனோம். பித்தநீர் கசிகிறது என்று சொல்லி வயிற்றின் பக்கவாட்டில் ஒரு டியூப் போட்டார்கள். வாய் வழியாகக் கேமரா விட்டு ஸ்டென்ட் வைத்தார்கள். டியூப்பை எடுத்தாயிற்று. ஸ்டென்டுக்கு ஆறு வாரத்தில் வரச் சொன்னார்கள். ஏழு வாரம் முடிந்துவிட்டது. அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார், நடமாடுகிறார். பூண்டு பிடுங்கிக் காயவைத்து விற்று முடிக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். ஸ்டென்ட் தானாகக் கரைந்து மலத்தில் போய்விடும் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். வேலை முடிந்தபிறகு போனால் போதுமா? மறுபடியும் அதே வேதனையைப் பட வேண்டுமா?

பதில்: கரையாது. உங்கள் அம்மாவுக்கு வைத்திருப்பது பிளாஸ்டிக் ஸ்டென்ட், அதாவது பித்தநீர் இறங்குவதற்காகப் பித்தக்குழாய்க்குள் வைக்கும் சிறு குழல். நழுவிவிடக் கூடாது என்பதற்காகவே அதன் இரண்டு முனையிலும் சிறகு போன்ற மடிப்புகள் உண்டு. உள்ளே கருவி விட்டுப் பிடித்து இழுத்தால்தான் வெளியே வரும். இரண்டு மாதம் தள்ளவும் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

பித்தப்பை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரந்துகொண்டேதான் இருக்கும். அது பித்தக்குழாய் வழியாகச் சிறுகுடலில் இறங்க வேண்டும். குழாய் குடலில் திறக்கும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. பித்தப்பையை எடுக்கும்போது அதன் காம்பில் கிளிப் போட்டு அடைப்பார்கள். அந்தக் கிளிப் நழுவினாலோ, பித்தப்பை ஒட்டியிருந்த இடத்தில் நூல் போன்ற சிறு குழாய் ஒன்று அறுபட்டாலோ, பித்தநீர் வயிற்றுக்குள் கசியும். படிக்கட்டு வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். கீழ் மடை அடைத்திருந்தால் தண்ணீர் வரப்பின் உடைப்பில்தான் போகும். மடையைத் திறந்துவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கிவிடும், உடைப்பும் காய்ந்து இறுகிவிடும். அந்தச் சுருக்குத் தசைதான் கீழ் மடை, ஸ்டென்ட் செய்தது அதைத் திறந்து வைத்த வேலைதான். ஓட்டையை ஆற்றியது அம்மாவின் உடம்பு.

ஆகவே அம்மா நன்றாக இருக்கிறார் என்றால் பெரும்பாலும் ஓட்டை ஆறிவிட்டது, ஸ்டென்டின் வேலையும் முடிந்துவிட்டது என்று அர்த்தம். "நன்றாகத்தானே இருக்கிறார், அப்புறம் பார்க்கலாம்" என்று எல்லோரும் நினைப்பது இந்த இடத்தில்தான். பேனா ரீஃபில் தடிமனே உள்ள குழாய் அது. அதற்குள் கிருமிகள் பாசி போலப் படியும், அதன்மேல் பித்தச் சேறு சேரும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் பல ஸ்டென்ட்கள் அடைத்துக்கொள்கின்றன. அடைத்தால் பித்தநீர் தேங்கும், தேங்கிய நீரில் கிருமி பெருகும், அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

மூன்று ஆண்டுகளாக ஸ்டென்டோடு இருந்த ஒரு பெண்மணி குளிர்காய்ச்சலும் மஞ்சள் கண்ணுமாக என்னிடம் வந்தார். ஸ்டென்டைச் சுற்றிக் கல்லே கட்டியிருந்தது. பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இரண்டு முறை ஈஆர்சிபி (வாய் வழியாகக் கேமரா விட்டுப் பித்தக்குழாயில் செய்யும் சிகிச்சை) செய்ய வேண்டியதாயிற்று. அவருடைய டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் கடைசி வரியில், ஆங்கிலத்தில், ஆறு வாரத்தில் ஸ்டென்டை எடுக்க வேண்டும் என்று எழுதித்தான் இருந்தது. அதை அவருக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தால் நம் கைப்பேசிக்கு அடுத்தடுத்துக் குறுஞ்செய்தி வருகிறது. உடம்புக்குள் ஒரு பொருளை வைத்து அனுப்பியவரை ஒருமுறை கூப்பிட்டு நினைவுபடுத்த மருத்துவமனைகளுக்கு என்ன தடை? ஒரு நோட்டும் ஒரு ஃபோனும் போதும். எத்தனையோ கூட்டங்களில் இதைச் சொல்லிவிட்டேன், சொல்லிக்கொண்டும் இருப்பேன்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். ஸ்டென்ட் வைத்த தேதியிலிருந்து எண்ணுங்கள். இன்றைக்கு ஏழு வாரம். பூண்டு வேலைக்காக இன்னும் ஒரு வாரம், பத்து நாள் போவதால் பெரிய கெடுதல் வந்துவிடாது. மூன்று மாதத்தைத் தொடவே கூடாது. இரண்டு மாதம் தள்ளினால் நான்கு மாதத்தை நெருங்கிவிடுவீர்கள். இப்போதே ஃபோன் செய்து நாள் வாங்குங்கள். மழைக்காலம் என்றால் காட் ரோட்டில் மண் சரியும், சீசன் என்றால் வத்தலக்குண்டு பாதையில் வண்டிகள் நகராது. அதையும் கணக்கில் வைத்து, கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.

தானாகப் போய்விடும் என்று உங்கள் ஊர்க்காரர் சொன்னது எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இந்தக் குழப்பத்தால் அவதிப்பட்டவர்கள் அதிகம். ஈஆர்சிபி செய்யும்போது சிலருக்குக் கணையக் குழாயிலும் மெல்லிய ஸ்டென்ட் ஒன்றை வைப்போம். கணையம் வீங்காமல் காப்பதற்காக வைப்பது அது. உள்முனையில் சிறகு இல்லாத வகை என்பதால் பெரும்பாலும் சில நாளிலோ இரண்டு வாரத்திலோ தானே நழுவி மலத்தோடு போய்விடும். போய்விட்டதா என்று ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்வோம். போகாவிட்டால் அதையும் எடுத்துவிட வேண்டும். ஒருவருக்கு அப்படிப் போனதைப் பார்த்தவர், எல்லா ஸ்டென்டும் போய்விடும் என்று சொல்லிவிடுகிறார். சிலருக்கு இரண்டும் இருக்கும். மெல்லியது போய்விட்டதை எக்ஸ்ரேயில் பார்த்து, எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருந்துவிட்டவர்களும் உண்டு. ஆகவே டிஸ்சார்ஜ் சுருக்கத்தை எடுத்துப் பாருங்கள். சி.பி.டி. ஸ்டென்ட் என்று இருந்தால் அது பித்தக்குழாய், எடுத்தே ஆக வேண்டும். பி.டி. ஸ்டென்ட் என்று இருந்தால் கணையக் குழாய். நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய நகலில் 'சி.பி.டி., 10 ஃபிரெஞ்ச்' என்று மட்டும் இருக்கிறது. அது பித்தக்குழாய் ஸ்டென்ட், 10 ஃபிரெஞ்ச் என்பது அதன் அளவு, கிட்டத்தட்ட மூன்றேகால் மில்லிமீட்டர் தடிமன். சுருக்கம் தொலைந்துபோனவர்கள் கொடைக்கானலிலேயே வயிற்று எக்ஸ்ரே எடுத்தால் ஸ்டென்ட் உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வேதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வைப்பதைவிட எடுப்பது மிக எளிது. ஆறு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, தேவைப்பட்டால் லேசாகத் தூங்கவைத்து, எண்டோஸ்கோப்பை விட்டு ஸ்டென்டின் நுனியைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். ஐந்து, பத்து நிமிட வேலை. அன்றே திரும்பலாம். கசிவு பெரிதாக இருந்தவர்களுக்கும் குழாயில் கல் மிச்சம் இருக்குமோ என்று சந்தேகம் உள்ளவர்களுக்கும் சாய மருந்து செலுத்தி இன்னொருமுறை படம் பார்ப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்கவோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிட்டால் நாள் வாங்கும்போதே சொல்லுங்கள். தூக்க மருந்து கொடுத்தால் துணைக்கு ஓர் ஆள் அவசியம் வேண்டும். அன்றிரவே வளைவுகளில் ஏறி மன்னவனூர் போக வேண்டாம். கீழே தங்கிவிட்டு, காலையில் காய்ச்சலோ வலியோ இல்லை என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

இனி இடைத்தரகர்களைப் பற்றி. "நமக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி, பேக்கேஜில் முடித்துத் தருகிறேன்" என்று சொந்தக்காரர் போலப் பேசிக்கொண்டு ஒருவர் வருவார். அவருக்குக் கமிஷன் உண்டு, அந்தப் பணமும் உங்கள் பில்லில்தான் ஏறும். புது இடத்தில் பழைய காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு ஸ்கேனிலிருந்து ஆரம்பிப்பார்கள். பழையதை எடுத்து, "எதற்கும் இருக்கட்டும்" என்று புது ஸ்டென்ட் வைத்து அனுப்பிய கொடுமையையும் பார்த்திருக்கிறேன். ஆறிய கசிவுக்குப் புது ஸ்டென்ட் எதற்கு? காரணம் கேளுங்கள், படத்தில் காட்டச் சொல்லுங்கள். வைத்த இடத்திலேயே எடுப்பதுதான் நல்லது, அவர்களிடம் படம் இருக்கிறது. செலவு கட்டுப்படியாகாவிட்டால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் குடல் இரைப்பைத் துறைக்குச் சுருக்கத்தோடு போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் நீங்களே கவுண்டரில் கொடுத்து, எடுக்கும் செலவு அதில் சேருமா என்று கேளுங்கள். அட்டையை இடையில் யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.

ஸ்டென்ட் உள்ளே இருக்கும்போது கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். அது பெரும்பாலும் குழாய் அடைப்பால் வந்த மஞ்சள், எந்தச் சாறும் அந்த அடைப்பை எடுக்காது. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், வலது மேல்வயிற்றில் வலி, சிறுநீர் கடுமஞ்சள், இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுக் கீழே இறங்குங்கள்.

எடுத்தபின் முதல் இரண்டு நாள் வயிறு உப்புகிறதா, காய்ச்சல் வருகிறதா என்று பாருங்கள். ஒரு மாதம் கழித்துக் கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். பின்னாளில் அரிப்போ மஞ்சளோ வந்தால், குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும். மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன், ஸ்டென்டை முழுதாக எடுத்தாயிற்று என்பதைத் தேதியோடு, தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.