பி.எம்.ஐ. 24 என்றால் கவலை இல்லையா?

கேள்வி: வயது 39, ஆண். தெற்காசிய வம்சாவளி, வெளிநாட்டில் வசிக்கிறேன். உயரம் 170 செ.மீ., எடை 69 கிலோ, இடுப்புச் சுற்றளவு 93 செ.மீ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 98, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 5.6, ரத்த அழுத்தம் 138/88. அப்பாவுக்கு 49 வயதில் மாரடைப்பு வந்தது. 'பி.எம்.ஐ. 24தான், எல்லாம் நார்மல்' என்கிறார்கள். எங்கள் சங்கத்தில் பலருக்கும் இதே பதில்தான். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. பி.எம்.ஐ. என்பது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண். அதில் 'அதிக எடை'க்கு வைத்த 25 என்ற எல்லைக்கோடு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போடப்பட்டது. அதே பி.எம்.ஐ.யில் தெற்காசியர்களுக்குத் தசை குறைவாகவும், வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பது வழக்கம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் ஆசியர்களுக்கு 23-ஐயும் 27.5-ஐயும் கவனிக்க வேண்டிய புள்ளிகளாகச் சொன்னது. நீங்கள் முதல் புள்ளியைத் தாண்டிவிட்டீர்கள்.

உங்கள் விஷயத்தில் எடையைவிட இடுப்பு அளவே முக்கியம். தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தொட்டாலே எச்சரிக்கை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, இயல்பாக மூச்சை விட்டதும் அளக்க வேண்டும். பேன்ட் சைஸ் கணக்கில் வராது. அது தொப்பைக்குக் கீழே நிற்கிறது.

வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தும், சாப்பிட்ட பிறகு ஏறுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். எச்பிஏ1சியும் சில நேரம் ஏமாற்றும்: இரும்புச்சத்துக் குறைவு அதை உயர்த்திக் காட்டும், ரத்த அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்கள் குறைத்துக் காட்டும். எனவே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். முந்தைய மூன்று நாளும் வழக்கமான மாவுச்சத்து உணவு வேண்டும். 'சோதனைக்காக' உணவைக் குறைத்தால் முடிவு பொய்யாக ஏறும். இரவு 8 மணி நேரமாவது பட்டினி. குளுக்கோஸை 5 நிமிடத்துக்குள் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருங்கள். இரண்டாம் மணியில் 140 முதல் 199 என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை.

138/88 ஒரே ஒரு அளவு, அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. வீட்டில் 7 நாள், காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை எடுங்கள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். 135/85 அல்லது மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம். பருமனான கையில் கருவியின் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு கூடிவிடும்.

அப்பாவின் 49 வயது முக்கியமான தகவல். பெற்றோர், உடன்பிறந்தோரில் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், மாரடைப்பு ஆபத்தைக் கணக்கிடும் கணிப்பான் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. லைப்போபுரோட்டீன்-ஏ (பரம்பரையாக வரும் ஒரு வகைக் கெட்ட கொழுப்பு) சோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும், டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் கவலைக்குரியது. கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரை தருவதானால், ஆசியர்களின் ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரு மடங்காக நிற்பதால் 5 மி.கி.யில் தொடங்குவதே முறை. வம்சாவளியை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சங்கத்தில் பலருக்கும் இதே பதில் என்றீர்கள். சங்கமாக ஏதாவது செய்வதானால், ஒரு நாள் மருத்துவ முகாம் போட்டுச் சீட்டு கொடுத்து அனுப்புவதால் பெரிய பயன் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் முடிதிருத்தகங்களில் கறுப்பின ஆண்களிடம் நடந்த ஆய்வில் (2018), முடிதிருத்துநர் 'மருத்துவரைப் பாருங்கள்' என்று சொன்ன கடைகளில் ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சுமார் 9 புள்ளி குறைந்தது. மருந்தாளுநரே கடைக்கு வந்து மாத்திரையைக் கூட்டிக் குறைத்த இடங்களில் 27 புள்ளி. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கைக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடு தேடிப் போனார்கள். வழக்கமான சிகிச்சையைவிட மேல் அழுத்தம் 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. ஆகவே முகாம் நடத்துமுன், மருந்து எழுதவோ மாற்றவோ அதிகாரம் உள்ள ஒருவரை மாதம் ஒருமுறை வரச் சம்மதிக்க வையுங்கள். சிறிதும் பெரிதுமாக இரண்டு ரத்த அழுத்தப் பட்டைகளும், பெயர் எழுதிய நோட்டும், வராதவர்களைக் கூப்பிட ஒரு ஆளும் அதன் பிறகு.