நோயாளி நம் வீட்டு நாய் என்றால்: கால்நடை மருத்துவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நம் தொழிலில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை. வீட்டுப் பிராணி விழுந்துவிட்டால் நான் டாக்டரா, வீட்டுக்காரரா என்ற குழப்பம் எல்லோரிடமும் இருக்கிறது.

எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டு ஒரு நாள் இரவு சாப்பிட்ட பின் ஓங்கரித்துக்கொண்டே இருந்தது. வெறும் நுரைதான் வந்தது, வயிறும் உப்பியது. நல்லவேளை, காற்று இறங்கிவிட்டது. மறுபடி நேர்ந்து, இரைப்பை முறுக்கிக்கொண்டால் என் கிளினிக்கிலேயே நான் அறுவை செய்யலாமா?
– பெண் மருத்துவர், திருச்சி

செய்யாதீர்கள் அம்மா. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டும் நிற்க வேண்டாம். முதல் அரைமணி நேர வேலை உங்களுடையதுதான். முன்னங்காலில் பெரிய ஊசியாகப் போட்டுச் சலைனை வேகமாக ஏற்றுங்கள். பின்னங்காலில் போட்டுப் பயனில்லை. உப்பிய இரைப்பை வயிற்றின் பெரிய சிரையை நசுக்கிக்கொண்டிருக்கும், ஏற்றிய திரவம் இதயத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. பிறகு கடைசி விலாவுக்குப் பின்னால் விரலால் தட்டிப் பாருங்கள். மேளம் போல் அதிரும் இடத்தில் முடியை மழித்து, தடித்த 14 கேஜ் ஊசியால் காற்றை இறக்கலாம். மந்தமாக ஒலிக்கும் இடத்தில் மண்ணீரல் கிடக்கலாம். அங்கே குத்த வேண்டாம். எக்ஸ்ரேயை வலப்பக்கமாகப் படுக்கவைத்து எடுங்கள். முறுக்கு இருந்தால் இரைப்பை இரண்டு அறைகளாகப் பிரிந்து தெரியும்.

இதற்குள் இன்னொரு அறுவை மருத்துவருக்கு போன் போயிருக்க வேண்டும். அவர் வந்ததும் கத்தி அவர் கைக்குப் போகட்டும். உங்கள் கை நடுங்கும் என்று நான் சொல்லவில்லை. நம்மில் பலருக்கு நடுங்காது. ஆனால் இரைப்பைச் சுவர் கறுத்துக் கிடக்கும்போது, வெட்டி எடுப்பதா, பிழைத்துக்கொள்ளும் என்று விடுவதா என்ற முடிவு சில நிமிடங்களில் எடுக்கப்பட வேண்டும். சொந்த நாய் என்றால் கண் தனக்குப் பிடித்த நிறத்தைத்தான் பார்க்கும். அறுவை முடிந்த பிறகும் இரண்டு மூன்று நாட்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகலாம். அந்த இரவுகளில் ஈசிஜி பார்க்க, தூங்கி எழுந்த ஒருவர் வேண்டும்.

மறுபடி நேரும்வரை ஏன் காத்திருக்கிறீர்கள்? இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிட்டால் முறுக்கு விழும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். இந்த மாதமே சகா ஒருவரிடம் நாள் குறியுங்கள்.

என் கணவர் கால்நடை மருத்துவர். எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்கு ஆறு வயது, கருத்தடை செய்யவில்லை. பருவம் முடிந்து ஒன்றரை மாதம் ஆகிறது. நான்கு நாட்களாகச் சாப்பாட்டைத் தொடவில்லை, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது. இவர் "உண்ணிக் காய்ச்சல்தான், பார்க்கலாம்" என்று டாக்ஸிசைக்ளின் கொடுக்கிறார்.
– இல்லத்தரசி, மதுரை

இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். ஐயா, இதே விவரத்தோடு ஒரு வெளியாள் நாயைக் கொண்டுவந்திருந்தால் அதே நிமிடம் ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பீர்கள். கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் நான்கு நாள் எப்படிப் போனது? வெள்ளைப்படுதல் இல்லை என்று சமாதானம் சொல்லாதீர்கள். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே வராது, அந்த வகைதான் கூடுதல் ஆபத்து. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் அதிகம் என்பது உண்மைதான். அதனாலேயே எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறோம். ஊருக்கு நோயாளிச் சீட்டு எழுதும் நாம் வீட்டு நாய்க்கு ஒரு வரி எழுதுவதில்லை. சீட்டு எழுதுங்கள்: வெப்பநிலை, ஈறின் நிறம், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். இன்றே.

விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, பூனைக்குக் காய்ச்சல் என்று அம்மா பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுத்திருந்தார். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கே கை கால் ஓடவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?
– மாணவர், நாமக்கல்

500 மில்லிகிராம் மாத்திரையில் அரை என்றால் 250 மில்லிகிராம். ஒரு பூனையைக் கொல்ல அது போதும். பூனையின் கல்லீரலால் இந்த மருந்தைப் போதிய அளவு முறிக்க முடியாது. ரத்தத்தின் சிவப்பணு கெட்டு, ஈறு சாக்லேட் நிறத்துக்கு மாறும். முகமும் பாதமும் வீங்கும். இந்த நச்சை முறிக்கும் மருந்து அசிடைல்சிஸ்டீன். இது மனிதர்களுக்கான மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். முதலில் கிலோவுக்கு 140 மில்லிகிராம், பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 70. ஆனால் மூன்றாம் ஆண்டு மாணவர் இதை வீட்டில் போடக் கூடாது. மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு, பூனையைக் கூடையில் வைத்து, கல்லூரி மருத்துவமனைக்கு ஓடுவதுதான் உங்கள் வேலை. அம்மாவைத் திட்ட வேண்டாம். அவரைத் திட்டினால் அடுத்த முறை கொடுத்ததைச் சொல்லமாட்டார்.

கருணைக்கொலை செய்யும் நிலை வந்தால் என் கையால் செய்வதே நாய்க்கு நான் காட்டும் மரியாதை என்று நினைக்கிறேன். சரியா?
– மருத்துவர், கோவை

சிலருக்குச் சரிப்படும், நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஊசி போடுகிறவர் சிரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், நாயின் முகத்தைப் பார்க்கமாட்டார். ஊசியைச் சகாவிடம் கொடுத்துவிட்டுத் தலைப்பக்கம் உட்காருங்கள். "இன்னும் ஒரு வாரம் பார்ப்போமா" என்ற கேள்விக்கும் அவர்தான் நேர்மையான பதில் சொல்வார்.

லாரியில் அடிபட்ட என் சொந்த நாயைத் தூக்கும்போது கையில் கடித்துவிட்டது. வேலையில் சேர்ந்தபோதே வெறிநாய்க்கடித் தடுப்பூசி முழுவதும் போட்டிருக்கிறேன். மறுபடி வேண்டுமா?
– கால்நடை ஆய்வாளர், தஞ்சாவூர்

வேண்டும். முதலில் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவ வேண்டும். முன்பே முழுத் தடுப்பூசி போட்டவருக்கு இரண்டு ஊசிகள் போதும்: இன்று ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று. இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப் பொருள் ஊசி தேவையில்லை. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்றும் பாருங்கள். "என் நாய், தடுப்பூசி போட்ட நாய்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

அடிபட்ட நாய்க்கு நம் முகமும் தெரியாது, நம் பட்டமும் தெரியாது. வலி மட்டும்தான் தெரியும். அடுத்தவர் நாய் என்றால் வாயைக் கட்டாமல் தொட்டிருப்பீர்களா? காஸ் துணியால் ஒரு சுருக்கு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு, அது போதும். வாந்தி எடுத்தாலோ மூச்சுத் திணறினாலோ வாயைக் கட்டக் கூடாது. அப்போது தடித்த போர்வையைப் போட்டுத் தூக்குங்கள்.