அம்பாசடரில் இசுஸு எஞ்சின் ஏற்றிய பிறகு சிக்னலில் ஆஃப் ஆகிறது, எங்கிருந்து பார்ப்பது?

கேள்வியின் சுருக்கம்: அப்பாவின் மார்க் 3 அம்பாசடரில் பழைய 1489 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு, காண்டெஸாவிலிருந்து (அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் இன்னொரு கார்) எடுத்த இசுஸு 1.8 பெட்ரோல் எஞ்சினை கியர்பாக்ஸோடு ஏற்றியிருக்கிறீர்கள். ஓடும்போது குறையில்லை. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறது. ஸ்லோ ஸ்பீடை (ஆக்ஸிலேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) கூட்டி வைத்தால் 1,500 ஆர்பிஎம்முக்கு ஏறி, இறங்க மறுக்கிறது. கார்புரேட்டரை இரண்டு தடவை சர்வீஸ் செய்தாயிற்று.

மூன்றாவது தடவை அதைக் கழற்ற வேண்டாம். என் மார்க் 3யிலும் இதே எஞ்சின்தான் இருக்கிறது. இந்த ஜோடியில் கோளாறு பெரும்பாலும் எஞ்சினுக்குள் இருப்பதில்லை, எஞ்சினையும் வண்டியையும் சேர்த்த இடங்களில்தான் இருக்கும். 1990களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே இந்த 1,817 சிசி எஞ்சினை அம்பாசடரில் வைத்து 1800 ஐஎஸ்இசட் என்று விற்றது. அதனால் பொருந்தாத எஞ்சின் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முதல் வேலைக்கு ஒரு திருப்புளி போதும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் மிக்ஸர் ஸ்க்ரூவை (ஸ்லோவில் போகும் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் ஸ்க்ரூ) எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே மெதுவாக உள்ளே திருகுங்கள். இறுக்க வேண்டாம், ஊசி முனை கெட்டுவிடும். சரியான எஞ்சின் தடுமாறி அணையப் பார்க்கும். அசையாமல் ஓடிக்கொண்டே இருந்தால், ஸ்லோவுக்கான பாதை வழியாக எஞ்சினுக்குப் பெட்ரோல் போகவில்லை என்று அர்த்தம். ஸ்க்ரூவைப் பழைய சுற்றுக்கே திருப்பி வையுங்கள்.

உங்கள் இரண்டு புகாரும் சேர்வது இங்கேதான். ஸ்லோ பாதையில் பெட்ரோல் குறைந்திருந்தாலோ, எங்கோ காற்று இழுத்துக் கலவை மெலிந்திருந்தாலோ எஞ்சின் அணையும். மெக்கானிக் த்ராட்டில் ஸ்க்ரூவை (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டை நிறுத்தி வைப்பது) ஏற்றுவார். த்ராட்டில் தட்டு கொஞ்சம் திறந்ததும் அதற்கு மேலே இருக்கும் சிறு துளைகள் வெளிப்பட்டு அவை வழியாகப் பெட்ரோல் இறங்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் ஹோஸ் தொடங்கும் துளையும் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கும். அதுவும் திறந்துகொண்டால் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) முன்னால் போகும், ஆர்பிஎம் ஏறும். ஏறிய ஆர்பிஎம் டைமிங்கை அங்கேயே பிடித்து வைக்கும். 1,500இல் தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஸ்க்ரூவைத் திருகியும் எஞ்சின் தடுமாறவில்லை என்றால் அடுத்து சோலனாய்டு (கரண்டில் திறக்கும் வால்வு). பல ஜப்பானிய வகை கார்புரேட்டர்களில் ஒற்றை வயரோடு ஒரு சின்னக் குழாய் மாதிரி பக்கவாட்டில் நிற்கும். சாவி போட்டால் 12 வோல்ட் வந்து ஸ்லோ பாதையைத் திறப்பது அதன் வேலை. பழைய அம்பாசடர் வயரிங்கில் இதற்கென்று ஒரு வயரே கிடையாது. எஞ்சின் ஏற்றும்போது அது அனாதையாக விடப்படும். உங்களுடையதில் இருந்தால், சாவி போட்டுவிட்டு அந்த வயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், ‘டிக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சாவி வழியாக வரும் 12 வோல்ட்டிலிருந்து ஒரு ஃபியூஸ் வைத்து இழுத்துக் கொடுங்கள். உள்ளே ஊசியை வெட்டிப் போட்டு வேலையை முடிக்கும் ஆட்களும் உண்டு. அப்படிச் செய்த வண்டி சாவியை எடுத்த பிறகும் லொடலொடவென்று ஓடலாம்.

‘டிக்’ கேட்டும் பயனில்லை என்றால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். கார்புரேட்டரில் மிகச் சின்ன துளைகளில் ஒன்று அது. டேங்க் பழையது, அதன் துரு போய் உட்காரும் இடமும் அதுதான். டேங்கைக் கழுவி நல்ல ஃபில்டர் போடாமல் ஜெட்டை மட்டும் ஊதினால் சில நாள் ஓடும், மறுபடி அடைக்கும்.

அப்புறம் காற்று இழுப்பது. காண்டெஸா எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டில் பிரேக் பூஸ்டருக்கு (எஞ்சினின் உறிஞ்சலால் பிரேக்கை லேசாக்கும் டப்பா) ஒரு தடித்த வழி இருக்கும். உங்கள் வண்டியில் பூஸ்டர் இல்லையென்றால் அந்த வழியை யாரோ ரப்பர் மூடியோ போல்ட்டோ வைத்து அடைத்திருப்பார்கள். ரப்பர் என்றால் சூட்டில் வெடித்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள். கார்புரேட்டருக்கு அடியில் உள்ள பேக்கிங், பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் புகையை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்), வேக்கம் ஹோஸ் எல்லாம் அடுத்து. சூடான எஞ்சின் ஸ்லோவில் தடுமாறும்போது சோக்கைக் கையால் கொஞ்சம் மூடுங்கள். நன்றாக ஓடத் தொடங்கினால் கலவை மெலிந்திருக்கிறது, எங்கோ காற்று நுழைகிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். சந்தேகமான இடங்களில் தண்ணீர் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள். பெட்ரோல் அடிக்கிறேன் என்று சூடான மேனிஃபோல்டு பக்கம் போகாதீர்கள்.

இன்டேக்கின் உறிஞ்சலை அளக்கும் வேக்கம் கேஜ் கிடைத்தால் பாதி வேலை மிச்சம். நல்ல எஞ்சினில் முள் 17 முதல் 21 அங்குலத்தில் (பாதரச அளவு) ஆடாமல் நிற்கும். அதைவிட நன்றாகக் கீழே, ஆனால் ஆடாமல் நின்றால் காற்றுக் கசிவு அல்லது டைமிங் பின்தங்கல். ஒரே சீராகத் துடித்துத் துடித்து விழுந்தால் வால்வு. அது மட்டும்தான் எஞ்சினின் குற்றம்.

ஆக்ஸிலேட்டர் இணைப்பை யாரும் பார்ப்பதில்லை. பழைய ராடை வளைத்து வெல்டு வைத்திருந்தால், எஞ்சின் மவுன்டில் ஆடும் ஒவ்வொரு தடவையும் த்ராட்டிலை இழுக்கும். இணைப்பைக் கார்புரேட்டர் முனையில் கழற்றிவிட்டு, வண்டியை நிறுத்தி வைத்தே எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்லோ நிலையாக நின்றால் விடை கிடைத்தாயிற்று. ஐஎஸ்இசட் வண்டியின் இணைப்பும் பிராக்கெட்டும் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் கிடைக்க வாய்ப்புண்டு.

எர்த்தும் அப்படித்தான். ரப்பர் மவுன்டில் உட்கார்ந்த எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே தடித்த எர்த் பட்டை வேண்டும். மறந்திருந்தால் கரண்ட் சோக் கேபிள் வழியாகப் போகும். ஸ்டார்ட் அடித்த பிறகு கேபிளைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். காயிலையும் அளந்துவிடுங்கள்: சுமார் 3 ஓம் காயில் நேராக 12 வோல்ட்டில் வேலை செய்யும், 1.5 ஓம் என்றால் பெரும்பாலும் நடுவில் பேலஸ்ட் (கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர்) தேவைப்படும். இல்லாமல் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் சூடாகி மிஸ் அடிக்கும்.

இவ்வளவும் சரியானால்தான் டியூனிங். நம் ஊரில் பலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள், அது இல்லாத எஞ்சின் சூடாகவே நேரமெடுக்கும். மாட்டிவிட்டுத் தொடங்குங்கள். வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்து, டைமிங் லைட்டில் புல்லிக் குறியைச் சரிபாருங்கள். பிறகு ஸ்லோவை 850 அளவில் வைத்து, மிக்ஸர் ஸ்க்ரூவில் ஆர்பிஎம் உச்சத்துக்கு வரும் இடத்தைப் பிடித்து, த்ராட்டிலைக் குறைத்து மறுபடி 850க்குக் கொண்டு வாருங்கள். இப்போது பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரணப் பெட்ரோலுக்குக் காற்று விகிதம் 14.7 என்றால் இதற்குச் சுமார் 13.5. அதனால் உச்சத்திலிருந்து ஸ்க்ரூவை ஒரு பொட்டு கூடுதலாகவே வெளியே விட்டு வையுங்கள். பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள், எத்தனால் அவற்றைத் தின்றுவிடும்.

எஞ்சின் நம்பரை ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் மாற்றியாயிற்றா? இல்லையென்றால் எஃப்சிக்குப் போகும் முன் முடித்துவிடுங்கள். மிக்ஸர் ஸ்க்ரூ சோதனையில் என்ன நடந்தது, வண்டியில் பூஸ்டர் உண்டா என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.