ஒரு நகரம் வரிப்பணத்தில் மைய நூலகம் கட்டுவது இந்தக் காலத்தில் தேவைதானா?

செல்பேசியிலேயே எல்லாம் கிடைக்கும்போது மாநகராட்சி எதற்காகக் கோடிக்கணக்கில் செலவிட்டு நூலகம் கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் தமக்கென்று ஒரு மேசையும் தலைக்கு மேல் ஒரு மின்விசிறியும் உள்ளவர்தான் இப்படிக் கேட்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. குறையாகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் அவை இல்லை, அவ்வளவுதான்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். என் அப்பா துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் கம்பெனியில் இரவு வேலை பார்த்தார். விடிந்ததும் வந்து, கஞ்சி குடித்துவிட்டு, எங்களுக்கு இருந்த ஒரே அறையில் பிற்பகல் வரை உறங்குவார். அந்த நேரத்தில் பக்கம் புரட்டும் ஓசைகூடக் கேட்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஆகவே படிக்கும் நாளெல்லாம் கிளை நூலகத்தின் நாளிதழ் மேசையின் ஓரத்தில்தான் கழிந்தது.

2002-இல் இயந்திரவியலில் டிப்ளமோ முடித்த நான், குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலைக்கான நேர்முகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். உப்பு நீர்த் தொட்டியில் தகர அச்சுகளை இறக்கிக் கட்டி ஐஸ் எடுப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவன் என்றாலும், அந்தத் தொட்டியை உறைய வைக்கும் அம்மோனியா ஏன் மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கிறது, அழுத்தம் கூடினால் அந்தக் கொதிநிலை எப்படி மாறுகிறது என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. அப்பாவுக்கு வால்வைத் தொட்டுப் பார்த்தே கோளாறைச் சொல்லத் தெரியும், விளக்கத் தெரியாது. கிளை நூலகத்தில் நாவல்களும் போட்டித் தேர்வுக் கையேடுகளும் இருந்தன. குளிர்பதனம் பற்றி ஒன்றும் இல்லை. அது அந்த நூலகரின் குற்றமன்று. ஊருக்கே ஒருவனோ இருவரோ கேட்கும் புத்தகத்தை, இரண்டு அலமாரி உள்ள இடத்தில் வாங்கி வைக்க முடியாது.

புதுச்சேரியில் கிடைக்கும் என்று அவர்தான் சொல்லி அனுப்பினார். 1827-இல் தொடங்கப்பட்டு, இன்று ரோமன் ரோலண்ட் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த அரசு நூலகத்துக்கு, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணமாகப் போனேன். நான் தேடிய புத்தகம் ஓர் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. அதன் பின்னட்டையில் ஒட்டியிருந்த தவணைத் தாளில் கடைசியாக விழுந்திருந்த முத்திரை பதினொரு ஆண்டுகளுக்கு முந்தையது. அதற்குப் பிறகு அதை எடுத்தவன் நானாகத்தான் இருக்க வேண்டும். நான் அங்கே உறுப்பினன் அல்லன் என்பதால் வீட்டுக்கு எடுத்து வர முடியவில்லை. ஐந்து முறை போய், வரைபடங்கள் உட்பட, ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். வேலை கிடைத்தது. புத்தகத்தால் மட்டுமே கிடைத்தது என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படித் திரிக்க வேண்டாம்.

கொள்ளிடத்துக்கு அப்பால் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. பதினொரு ஆண்டு காத்திருந்த அந்தப் புத்தகத்துக்கு வாசகன் நான். இப்படிக் காத்திருக்கும் புத்தகங்களை வைத்திருக்க இடமும் பணமும் வேண்டும்; அதைக் கிளை நூலகங்களாலோ பகுதி நேர நூலகங்களாலோ செய்ய முடியாது. 'மைய' என்ற சொல்லுக்கு நான் காணும் பொருள் இதுதான். 2010-இல் சென்னையிலும் 2023-இல் மதுரையிலும் அரசு பெரிய நூலகங்களைத் திறந்ததே, அது போதாதா என்று கேட்பவர்கள், கடலூரிலிருந்து அவ்விரண்டு ஊர்களுக்கும் போய்வர ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் சேர்ந்து எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் வடிகாலைச் சரிசெய்யட்டும் என்று ஒருவர் எழுதுவார் என்பது தெரியும். 2011 டிசம்பரில் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் நேரில் கண்டவன் என்பதால் அவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் 2015-இல் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, பரணில் பிளாஸ்டிக் உறையில் இருந்த சான்றிதழ்கள் தப்பின. கீழே இருந்த புத்தகங்கள் ஊறி, ஊதி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாளம் பாளமாகத்தான் வெளியே வந்தன, அந்த நோட்டும் அவற்றோடு போயிற்று. எங்களைப் போன்ற வீடுகளில் புத்தகம் நிலைப்பதில்லை. மேட்டில், மாடியில் வைத்துக் காக்க ஒரு பொதுக் கட்டடம் தேவைப்படுகிறது.

பணம் எங்கே என்ற கேள்விக்கு, உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள் என்பேன். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, தமிழ்நாட்டில் சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. 2,400 ரூபாய் வரி கட்டுபவர் அதோடு 240 ரூபாய் நூலகத்துக்கென்றே கட்டுகிறார். கொடுத்த பணத்துக்குத்தான் நான் கேட்கிறேன்.

இதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. என் தங்கையின் மகள் இப்போது அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் போகும் சிறிய நூலகத்தில் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. சாவி ஊழியரிடம், அவரோ வாரத்தில் மூன்று நாள் வேறோர் ஊருக்கும் சேர்த்துப் பணியாற்றுகிறார். அதனால் அங்கே படிக்க வரும் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, பதினொன்றரை மணிக்கெல்லாம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பையன்கள் மாலை வரை இருக்கிறார்கள்.