விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கும் மென்பொருளை வாங்கும் முன்

கேள்வி: ஜெர்மனியில் 140 பேர் பணிபுரியும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். வேலை விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் இட்டு, காணொளி நேர்காணலில் முகபாவத்தைக் கொண்டு மனநிலையையும் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை வாங்க நிர்வாகம் விரும்புகிறது. சட்டப் பொறுப்பு முழுவதும் தம்முடையது என்கிறார் விற்பவர். பணியாளர்கள் தேர்ந்தெடுத்த பணியாளர் மன்றத்திடம் பிறகு சொல்லிக்கொள்ளலாமா?

பதில்: முகபாவக் கணிப்பை முதலில் நீக்கச் சொல்லுங்கள். மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, பணியிடத்தில் உணர்ச்சிகளைக் கணிக்கும் கருவிகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்துள்ளது. வேலை தேடி வருபவர்களுக்கும் இத்தடை பொருந்தும் என்பதே ஐரோப்பிய ஆணையத்தின் விளக்கம். கருவியைப் பயன்படுத்தும் நிறுவனமும் மீறலுக்குப் பொறுப்பாளி என்பதால், விற்பவரின் வாக்குறுதி உங்களைக் காக்காது.

மதிப்பெண் இடும் பகுதி தடைக்குள் வராது. ஆனால் சட்டம் அதை உயர் அபாய வகையில் வைத்திருக்கிறது. அவ்வகைக்கான கடமைகள் 2026 ஆகஸ்ட் 2 முதல் என்று சட்டம் இயற்றப்பட்டபோது குறிக்கப்பட்டது. அதைத் தள்ளிவைக்க 2025 நவம்பரில் ஆணையம் முன்மொழிந்தது. இந்தத் தேதிக் கணக்கில் நிர்வாகம் நிம்மதி அடைந்தால் அது தவறு. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளே போதிய கடுமை உடையவை: ஒருவரைப் பெரிதும் பாதிக்கும் முடிவை இயந்திரம் மட்டுமே எடுப்பதை அவை பொதுவாக அனுமதிப்பதில்லை. கடனைத் திருப்பிச் செலுத்தும் திறனுக்கு மதிப்பெண் இடும் ஷூஃபா என்ற ஜெர்மானிய நிறுவனம் தொடர்பான வழக்கில், ஒருவருக்கு இடப்படும் மதிப்பெண்ணையே மற்றவர் பெரிதும் சார்ந்து முடிவெடுத்தால், அந்த மதிப்பெண் இடுவதே தானியங்கி முடிவாகும் என 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பட்டியலின் அடியில் நீங்கள் கையெழுத்திடுவதால் மட்டும் அது மனிதர் எடுத்த முடிவாகிவிடாது. கீழே தள்ளப்பட்ட விண்ணப்பத்தையும் திறந்து பார்த்து, வரிசையை மாற்ற அதிகாரமும் நேரமும் உள்ள ஒருவர் வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்தத்தானே வாங்குகிறோம் என்று நிர்வாகம் கேட்கும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை இதற்கு விட்டுத்தான் ஆக வேண்டும்.

பணியாளர் மன்றத்திடம் பிறகு சொல்லலாம் என்ற எண்ணத்தையும் கைவிடுங்கள். ஆளெடுப்புக்கான தெரிவு நெறிகளுக்கு மன்றத்தின் ஒப்புதல் தேவை. அவற்றை வகுப்பதில் செயற்கை நுண்ணறிவு பயன்பட்டாலும் அது தேவை என்பதை பணியாளர் மன்றங்களுக்கான ஜெர்மானியச் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தம் தெளிவாக்கியது. கருவியை மதிப்பிட மன்றம் வெளி வல்லுநரை அழைக்கலாம். செலவு நிறுவனத்தைச் சேரும். மேலும், யார் எந்த விண்ணப்பத்தை எப்போது திறந்தார் என்பதை இத்தகைய மென்பொருள் பதிவுசெய்தால், உங்கள் பிரிவினரே கண்காணிப்புக்கு உள்ளாகிறார்கள். அதற்கும் மன்றத்தின் இசைவு வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, விற்பவர் தந்த தொழில்நுட்ப விவரங்களுடன் மன்றத்தை அணுகுங்கள்.