கல்லறைத் தோட்டத்தில் கேமராவோடு போகலாமா?

கேள்வி: சினிமாவில் பார்த்த பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றின் நினைவில், ஏற்காட்டில் நானும் நண்பர்களும் குறும்படம் எடுக்க ஆசைப்படுகிறோம். சும்மா உள்ளே போய் எடுக்கலாமா?
– கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: சும்மா போகாதீர்கள் தம்பி, முதலில் அந்த ஆலயத்தின் குருவானவரிடம் கேளுங்கள். அது செட் கிடையாது, நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவத்தியுமாக யாரோ ஒருவருடைய பேரப்பிள்ளைகள் வந்து நிற்கிற இடம். அவர்கள் இருக்கும்போது கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். பேய்க்கதை என்றால் வேண்டவே வேண்டாம் என்பேன்.

பழைய கல்லில் சாயாதீர்கள், பல கற்கள் அடியில் ஆட்டம் கண்டிருக்கும். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியோ மாவோ தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும்! கல் அரிக்கும், பாசியைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து உதிரும், அதற்குப் பதில் காலை வெயில் சாய்வாக விழும்போது நின்று பாருங்கள், இல்லையா ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் பக்கவாட்டில் ஒளி அடியுங்கள், தேய்ந்த எழுத்துகூட நிழல் கட்டித் தெரியும்.

அப்புறம் ஒன்று. ஏற்காடு ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக்கல் இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்து, இந்த மண்ணில் கற்கால மனிதர் வாழ்ந்ததைக் காட்டியவர், கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார், 1912இல் மறைந்தார். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறீர்கள், அவரைப் பற்றியே ஒரு படம் எடுங்களேன்.