அம்மாவின் நோய் எனக்கும் வருமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா: இல்லாத குரல் கேட்கும், எண்ணம் குழம்பும்) பற்றியவை. அவற்றில் மூன்று.

கேள்வி: அம்மாவுக்குப் பல வருடமாக மனச்சிதைவு. எனக்கு வயது 24. பெண் கேட்டு வருகிறவர்கள் லயத்தில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். எனக்கும் வருமா? (பண்டாரவளை)

பதில்: பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வருகிற நோய் இது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால், பிள்ளைகளில் 100க்குப் பத்துப் பேரளவில் வரலாம். மீதித் தொண்ணூறு பேரை மாப்பிள்ளை வீட்டார் எண்ணுவதே இல்லை! ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட, மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவுதான். கஞ்சா பக்கம் மட்டும் போகாதீர்கள். குடும்பத்தில் நோய் உள்ளவர்களுக்கு அது கூடுதல் ஆபத்து.

கேள்வி: இரத்தம் எடுத்துப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியுமா? (ஹட்டன்)

பதில்: முடியாது. 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்று, நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை நம் மரபணுத் தொகுதியில் குறித்தது. ஒவ்வொன்றின் பங்கும் துளியளவு. காசைச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: தம்பிக்கு மனச்சிதைவு. முன்பு காதில் கேட்ட இல்லாத குரல்கள் இப்போது கேட்பதில்லை. ஆனால் சீனி, மாசி, மண்ணெண்ணெய் என்று மூன்று சாமான் சொல்லி அனுப்பினால் சீனியோடு வந்து நிற்கிறான். அப்பா சோம்பேறி என்று ஏசுகிறார். (தலவாக்கலை)

பதில்: சோம்பேறித்தனம் இல்லை என்று முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள். மாத்திரை குரலை அடக்கும். ஞாபகம், கவனம், யோசிக்கிற வேகம் ஆகியவற்றை அவ்வளவாகத் திருத்தாது. இந்தக் குறை நோயின் ஒரு பகுதிதான். பலருக்குக் குரல் கேட்கத் தொடங்கும் முன்பே, பள்ளிக்கூடக் காலத்திலேயே தலைகாட்டியிருக்கும். எல்லாருக்கும் ஒரே அளவிலும் இருக்காது: ஒருவர் கடைக் கணக்கைப் பிசகாமல் போடுவார், இன்னொருவருக்கு பஸ் மாறிப் போவதே பெரும்பாடு. மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் 22ஆவதில் ஒரு துண்டு குறைந்து பிறக்கிற சிலர் உண்டு. அவர்களுக்குச் சிறுவயதிலேயே படிப்பு தடுமாறும், நாலில் ஒருவருக்கு வளர்ந்தபின் இந்த வகை நோயும் வருகிறது. ஆனால் அது அரிது. தம்பிக்கும் அதுதான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சாமானைத் துண்டில் எழுதிக் கொடுங்கள். ஒரு வேலை முடிந்தபின் அடுத்ததைச் சொல்லுங்கள். அப்புறம், நோய் மாத்திரையால் வருகிற கைநடுக்கத்துக்காக பென்செக்சோல் என்ற மாத்திரையும் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது ஞாபகத்தை இன்னும் மந்தமாக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், அடுத்த கிளினிக்கில் "இது இன்னும் தேவையா டொக்டர்?" என்று கேளுங்கள். அதுவரை யாரிடமாவது பேச வேண்டுமானால் 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.